இத்தாலிய வார்த்தைகளில் அசை பிரிப்பும் அழுத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து மொழி கற்றுக்கொள்ளும் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். வாசிக்கும் முன் ஒன்று: அசைகளுக்கு நடுவே சிறு கோடு, நெடில் வந்தால் அந்த அசையில்தான் அழுத்தம். ‘ச’ எங்கே வந்தாலும் ‘பச்சை’யில் வருகிற ஒலி, ‘ஸ’ தனி. வார்த்தைக் கடைசியில் குறில் எ, ஒ எல்லாம் வரும். தமிழ் வார்த்தை அப்படி முடியாது என்பதால் கண்ணை உறுத்தும், ஆனால் வேண்டுமென்றுதான் அப்படி எழுதுகிறேன், காரணம் கீழே வரும்.

இத்தாலியன்ல எழுதியிருக்கறத அப்படியே படிச்சா போதும்னு சொல்றாங்களே, அசை பிரிக்கறது எதுக்கு?

எந்த எழுத்துக்கு என்ன ஒலி என்பதில் அது பெரும்பாலும் உண்மை. எந்த அசையை அழுத்த வேண்டும், எந்த உயிரை நீட்ட வேண்டும் என்பதை எழுத்து சொல்லாது. அசை பிரிக்கத் தெரிந்தால்தான் அதில் பாதியாவது ஊகிக்க முடியும். இங்கே குழந்தைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலேயே கைதட்டி அசை பிரிக்கச் சொல்லித் தருகிறார்கள். குடியுரிமைக்கு 2018 முதல் பி1 (நடுத்தர) மொழி நிலை கேட்கிறார்கள், அந்தத் தேர்வுகளில் பேச்சுப் பகுதியும் உண்டு. ஒற்றை மெய்க்கும் இரட்டை மெய்க்கும் வித்தியாசம் தெரியாமல் பேசினால் எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பது உங்களுக்கே தெரியும்.

ஒரு வார்த்தைல எத்தனை அசைன்னு எப்படி எண்ணறது?

உயிரொலிகளை எண்ணுங்கள். ஓர் அசைக்கு ஒரு உயிர் (அல்லது ஒட்டி ஒலிக்கும் உயிர்க் கூட்டம்), அவ்வளவுதான். மேசைக்கான வார்த்தை தா-வொ-லொ, மூன்று அசை.

பள்ளியில் யாப்பு படித்தவர்கள் மட்டும் கவனம்: நம் நேரசை, நிரையசை இங்கே உதவாது. நிரையில் இரண்டு உயிர் ஒரே அசைக்குள் அடங்கும், ‘கடை’ யாப்பில் ஒரே அசை. இத்தாலியனில் கா-தெ (விழுகிறான்) இரண்டு அசை.

நடுவுல வர மெய்யெழுத்து முன்னாடி சேருமா, பின்னாடி சேருமா?

ஒற்றை மெய் பின்னால் வரும் உயிரோடு போகும்: கா-ஸ (வீடு). ஒரே மெய் இரட்டித்தால் ஆளுக்குப் பாதி: கத்-தொ (பூனை), நொத்-தெ (இரவு). தண்ணீருக்கான அக்-குவ வார்த்தையில் சி, க்யூ என்று வேறு வேறு எழுத்துகள் வந்தாலும் அதுவும் இரட்டை மெய்க் கணக்குதான்.

வேறு வேறு மெய் இரண்டு சேர்ந்து வந்தால் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த ஜோடியில் ஓர் இத்தாலிய வார்த்தை தொடங்க முடியுமா? முடியும் என்றால் இரண்டும் சேர்ந்து பின்னால் போகும்: மா-த்ரெ (அம்மா), லீ-ப்ரொ (புத்தகம்). முடியாது என்றால் பிரியும்: பர்-தெ, கன்-தொ, தெக்-னி-கொ. மூன்று மெய் வந்தாலும் இதே கதை, அல்-த்ரொ, ஸெம்-ப்ரெ. நம் நாக்குக்கு ‘மாத்-ரெ’ என்று ஒற்றை முன்னால் இழுப்பதுதான் வரும், ஏனென்றால் தமிழில் ஒற்று எப்போதும் முந்தைய உயிரோடுதான் ஒட்டும். அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும்.

ஓட்டல் மெனுல ஜி-யும் என்-னும் சேர்ந்து வருது, அதையும் பிரிக்கணுமா?

கூடாது. ஜி-என், இ-க்கு முன்னால் வரும் ஜி-எல், எ-வுக்கும் இ-க்கும் முன்னால் வரும் எஸ்-சி, இவை எல்லாம் இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே ஒலி. ஜி-என் நம் ‘ஞ’வேதான், இத்தாலியன் கற்கும் ஆங்கிலேயர்கள் படும் பாடு நமக்கு இல்லை: ஞொக்-கி, ல-ஸா-ஞ, பா-ஞொ (குளியலறை). ‘லசானியா’ என்று இ-யை நுழைக்காதீர்கள். எஸ்-சி ‘ஷ’ ஆகும்: ப்ரொ-ஷுத்-தொ. நடுவில் ஹெச் வந்துவிட்டால் ‘ஸ்க’ ஆகிவிடும், அதனால் ப்ரு-ஸ்கெத்-த. ‘புருஷெட்டா’ என்பது லண்டன் மெனுக் கார்டிலிருந்து வந்த பழக்கம்.

ஒரு சிக்கல் உண்டு. ஞ, ஷ, ஜி-எல் ஒலி மூன்றும் இரண்டு உயிருக்கு நடுவே வந்தால், பேச்சில் இரட்டித்தே ஒலிக்கும், குறிப்பாக ரோமிலும் தஸ்கனியிலும். தாளில் ல-ஸா-ஞ என்று பிரித்தாலும் வாயில் ல-ஸஞ்-ஞ.

பாஸ்தாவை ‘பாஸ்-தா’ன்னு பிரிச்சேன், டீச்சர் சிவப்பு மையில சுழிச்சுட்டாங்க. ஏன்?

பள்ளி விதிப்படி டீச்சர் சொல்வதுதான் சரி. எஸ்-ஸுக்குப் பின் வேறு மெய் வந்தால் எஸ் பின்னால்தான் போகும்: பா-ஸ்த, தெ-ஸ்த (தலை), ஃபி-னெ-ஸ்த்ர (ஜன்னல்), எ-ஸ்ப்ரெஸ்-ஸொ. மேலே சொன்ன ‘வார்த்தை தொடங்க முடியுமா’ சோதனையிலும் தேறும், ஸ்த, ஸ்ப, ஸ்க என்று தொடங்கும் வார்த்தைகள் எக்கச்சக்கம்.

ஆனால் உங்கள் காது பொய் சொல்லவில்லை. ஒலியியல்காரர்கள் பலர் பஸ்-த என்றுதான் பிரிப்பார்கள், அவர்களிடம் ஆதாரமும் இருக்கிறது. உயிரில் முடியும் அசையில் அழுத்தம் விழுந்தால் அந்த உயிர் நீளும், கா-ஸ மாதிரி. பாஸ்தாவில் ‘ப’ நீளுவதே இல்லை. அப்படியென்றால் அந்த அசை எஸ்-ஸில் முடிகிறது என்றுதானே அர்த்தம். ‘மாணவன்’ என்று சொல்ல, முன்னால் ஆங்கில ‘தி’ போல வரும் சொல்லாக ‘இல்’ போடாமல் ‘லொ ஸ்து-தென்-தெ’ என்று உயிரில் முடியும் லொ போடுவதும் இதனால்தான், எஸ் சாய்ந்துகொள்ள முன்னால் ஓர் உயிர் வேண்டும். நான் சொல்வது: தேர்வில் பா-ஸ்த எழுதுங்கள், வாயில் பஸ்த சொல்லுங்கள். நாம் ‘பாஸ்தா’ என்று இரண்டு பக்கமும் நீட்டுகிறோமே, அதுதான் தப்பு.

மரீயா மூணு அசை, மாரியோ ரெண்டு அசைன்னு சொல்றாங்க. ரெண்டுலயும் கடைசியில ரெண்டு உயிர்தானே இருக்கு?

ஆ, எ, ஒ மூன்றும் வலுவான உயிர்கள், இ, உ இரண்டும் மெலிந்தவை. வலுவானவை இரண்டு பக்கத்தில் வந்தால் ஒட்டாது: பொ-ஏ-த (கவிஞர்), ப-ஏ-ஸெ (ஊர், நாடு). மெலிந்தது ஒன்று அழுத்தம் இல்லாமல் பக்கத்து உயிரோடு வந்தால் ஒட்டி ஒரே அசை ஆகும்: மா-ரியொ, பியா-னொ, உவோ-மொ. அதே மெலிந்த உயிரில் அழுத்தம் விழுந்துவிட்டால் அது தனியாக நிற்கும்: ம-ரீ-அ, ப-ஊ-ர (பயம்). ஆக அழுத்தம் தெரியாமல் அசை எண்ண முடியாது, அசை எண்ணாமல் அழுத்தம் ஊகிக்க முடியாது என்று ஒரு சுழல் இங்கே இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை. இந்த வகை வார்த்தைகளைக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

பலெர்மோவில் இருக்கும் நம்மவர்களுக்கு நல்ல உதாரணம் கையிலேயே இருக்கிறது. மோந்தெ பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறிப் போய், இந்துக்களும் சேர்ந்து, கும்பிட்டு வருகிறீர்களே, அந்த நகரத்தின் காவல் புனிதை ரொ-ஸ-லீ-அ. நான்கு அசை. ‘ரொசாலியா’ இல்லை.

சி, ஜி-க்குப் பின் வரும் இ பல நேரம் வெறும் குறிதான், ஒலியே கிடையாது. ஜல்-லொ (மஞ்சள்), க-மீ-ச (சட்டை). அதை உயிராக எண்ணாதீர்கள். ‘சாவ்’ என்கிற சலாம் ஒரே அசை.

மூணு நாலு உயிர் வரிசையா வந்தா?

பதற வேண்டாம், மேலே சொன்னதே போதும். ‘என்னுடையவை’ என்பதற்கான மியெய் மொத்தமும் ஓர் அசை. பூப்பாத்திகள் அ-யுவோ-லெ, மூன்று அசை, ஐந்து உயிரெழுத்தும் உள்ளே இருக்கிறது. முன்னொட்டு வந்து சேர்ந்த வார்த்தைகளில் ஒட்டாமல் நிற்பதும் உண்டு, கூட்டத்துக்கு ரி-உ-னியோ-னெ.

சரி, அழுத்தம் எங்க விழும்? ஒரே ஒரு விதி சொல்லுங்க.

ஒரே விதி என்றால்: தெரியாவிட்டால் கடைசிக்கு முந்தின அசை. பெரும்பான்மை வார்த்தைகள் அப்படித்தான், இவற்றுக்குப் பெயர் பியா-ன. கடைசி அசையில் விழுந்தால் த்ரொன்-க, கடைசியிலிருந்து மூன்றாவதில் விழுந்தால் ஸ்த்ருச்-சொ-ல. ஸ்த்ருச்சொல என்ற வார்த்தையே ஒரு ஸ்த்ருச்சொல, நினைவில் நிற்கும்.

தாவொலொ, மக்-கி-ன (கார்), தெ-லே-ஃபொ-னொ எல்லாம் மூன்றாவது வகை. கடைசியிலிருந்து நான்காவதும் உண்டு, அது வினைச்சொற்களில்தான் பெரும்பாலும், கீழே வருகிறது.

அழுத்தம்னா அந்த எழுத்த மட்டும் சத்தமா சொல்றதா?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்று படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். சத்தம் கொஞ்சம் கூடும்தான், ஆனால் நம் காதுக்கு எளிதில் பிடிபடுவது நீளம். கடைசி அசையாக இல்லாமல், உயிரில் முடியும் அசையில் அழுத்தம் விழுந்தால் அந்த உயிர் நெடில் ஆகும். மெய்யில் முடியும் அசை என்றால் நீளாது. கடைசி அசையில் அழுத்தம் விழுந்தாலும் நீளாது: சித்-த (நகரம்) குறிலில்தான் முடியும், வெட்டினாற்போல. ஆக ஒரு வார்த்தைக்கு அதிகபட்சம் ஒரு நெடில்.

நாம் என்ன செய்கிறோம்? தமிழில் எழுதும்போது வார்த்தை குறில் எ, ஒ-வில் முடியாது என்பதால் எல்லாவற்றையும் ‘ஓ’, ‘ஏ’ என்று முடிக்கிறோம்: டாவோலோ, டெலிஃபோனோ, கப்புச்சீனோ. எழுதினபடியே வாசிக்கிறோம், மூன்று நான்கு நெடில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, எது அழுத்தம் என்று இத்தாலியருக்குத் தெரியவில்லை. நோட்டுப் புத்தகத்தில் வெட்கப்படாமல் கப்-புச்-சீ-னொ என்று எழுதுங்கள். இலக்கணத் தப்பு என்று யாரும் வந்து பிடிக்கப் போவதில்லை.

நமக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. பட்டு, படு வித்தியாசம் தெரிந்த காது இது. கா-ஸ வீடு, கஸ்-ஸ பெட்டி அல்லது கல்லா. நோ-னொ ஒன்பதாவது, நொன்-னொ தாத்தா. பா-ல மண்வெட்டி, பல்-ல பந்து. தமிழில் ‘பாட்டு’ என்று நெடிலுக்குப் பின்னும் ஒற்று இரட்டிக்கலாம், இத்தாலியனில் இரட்டை மெய்க்கு முன் நெடில் வரவே வராது. ஒன்று உயிர் நீளும், இல்லை மெய் இரட்டிக்கும்.

புது வார்த்தையப் பார்த்ததும் ஊகிக்க வழி இருக்கா?

இருக்கிறது. கடைசிக்கு முந்தின அசை மெய்யில் முடிந்தால் அழுத்தம் அநேகமாக அங்கேதான், லத்தீன் காலத்து விதி: மொ-மென்-தொ, ஸ்ப-கெத்-தி. விலக்கு சிலதான்: தா-ரன்-தொ, ஓ-த்ரன்-தொ என்ற ஊர்கள், மன்-தொர்-ல (பாதாம்), காப்பீட்டுப் பத்திரத்துக்கான போ-லித்-ஸ.

அடுத்து, வால்களைப் பாருங்கள். த்ஸியோனெ, மெந்தொ, ஒஸொ, இஸ்த என்று முடிந்தால் கடைசிக்கு முந்தினது. பிலெ, இஸ்ஸிமொ, லொகொ, மெத்ரொ என்று முடிந்தால் மூன்றாவது: பொஸ்-ஸீ-பி-லெ, பெல்-லிஸ்-ஸி-மொ, ப்ஸி-கோ-லொ-கொ, தெர்-மோ-மெ-த்ரொ. இ-ஆ என்று முடியும் வார்த்தைகளில்தான் பிடி கிடைக்காது. ஃபர்-ம-சீ-அ, அல்-லெ-க்ரீ-அ ஒரு பக்கம், ஸ்தோ-ரிய, ஆ-ரிய இன்னொரு பக்கம்.

‘அவர்கள் பேசுகிறார்கள்’னு சொல்ல பர்லானோன்னேன், சிரிச்சாங்க.

பர்-ல-னொ, அழுத்தம் ‘பர்’ மேல். ஒருமையில் பர்-ல, பன்மையில் அழுத்தம் இடம் மாறாமல் னொ மட்டும் ஒட்டிக்கொள்ளும். ஆ-பி-த (வசிக்கிறான்), ஆ-பி-த-னொ. தெ-லே-ஃபொ-ன, தெ-லே-ஃபொ-ன-னொ. கடைசியிலிருந்து நான்காவது அசை வருவது இப்படித்தான். பின்னால் சிறு சொற்கள் ஒட்டினாலும் அழுத்தம் அசையாது: ‘அதை எனக்குக் கொண்டு வா’ பொர்-த-மெ-லொ. ‘நாங்கள்’, ‘நீங்கள்’ வடிவங்களில் மட்டும் பர்-லியா-மொ, பர்-லா-தெ என்று நகரும்.

எரெ என்று முடியும் வினைகள் இரண்டு கட்சி. வெ-தே-ரெ (பார்க்க), தெ-மே-ரெ (பயப்பட) ஒன்று, ப்ரென்-தெ-ரெ (எடுக்க), லெஜ்-ஜெ-ரெ (படிக்க), ஸ்க்ரீ-வெ-ரெ (எழுத) என்று முதல் அசையில் அழுத்துவது இன்னொன்று. லத்தீனில் அவை வேறு வேறு வினைக் குடும்பங்கள், அந்தப் பிரிவு இன்றும் அழுத்தத்தில் தங்கிவிட்டது. இரண்டாவது கட்சியில் ஆள் அதிகம்.

உயிர் மேல கோடு எப்போ கட்டாயம்?

ஒன்றுக்கு மேற்பட்ட அசை இருந்து கடைசியில் அழுத்தம் விழுந்தால் கட்டாயம்: நகரம், காப்பி (கஃப்-ஃபெ), தி-ர-மி-ஸு. ஓரசை வார்த்தைகளில் சாதாரணமாகக் கிடையாது, மூன்று என்பதற்கான ‘த்ரெ’க்கு இல்லை, ஆனால் இருபத்து மூன்றான வென்-தி-த்ரெக்கு உண்டு. குழப்பம் வரும் ஜோடிகளில் ஒன்றுக்குக் கோடு போடுவார்கள்: ‘மற்றும்’ எ-வுக்குக் கோடு இல்லை, ‘இருக்கிறது’ எ-வுக்கு உண்டு, ‘ஆம்’ ஸி-க்கு உண்டு, தேநீர் தெ-வுக்கு உண்டு. நடுவில் விழும் அழுத்தத்துக்குக் கோடு போடத் தேவையில்லை.

சில இடத்துல கோடு கீழ சரியுது, சில இடத்துல மேல ஏறுது. அச்சுப் பிழையா?

இல்லை. வலப்பக்கம் சரிந்தால் வாயை அகலத் திறந்து சொல்லும் எ, ஏறினால் குறுக்கிச் சொல்லும் எ. காப்பிக்குச் சரியும், ‘ஏன்’ என்னும் பெர்-கெக்கு ஏறும். கடைசி ஆ, ஒ-வுக்குச் சரிவு மட்டும்தான். இ, உ-வுக்கும் பொதுவாகச் சரிவுதான், எய்னவ்தி பதிப்பகம் மட்டும் அவற்றுக்கு ஏறும் கோடு போடும்.

வார்த்தை நடுவிலும் இந்த இரண்டு எ, இரண்டு ஒ உண்டு, எழுத்தில் காட்டுவதில்லை. பெ-ஸ்க அகலமாகச் சொன்னால் பீச் பழம், குறுக்கினால் மீன்பிடித்தல். ஆனால் மிலானில் பெர்கெயையே அகலமாகத்தான் சொல்கிறார்கள், ஆகவே இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். நம் எழுத்தில் எ-ஏ, ஒ-ஓ வேறுபாட்டைத் தெளிவாகக் காட்ட வகை செய்தவர் என்று சொல்லப்படும் வீரமாமுனிவர், மான்தொவா பக்கத்து கஸ்திலியோனெயில் 1680-ல் பிறந்த இத்தாலியர். அவருடைய சொந்த மொழியில் இரண்டு எ-வும் இன்றைக்கும் ஒரே எழுத்தில்தான் ஓடுகிறது.

‘கொஞ்சம்’ங்கற ‘பொ’வுக்குக் கோடா, மேற்புள்ளியா?

மேலே தொங்கும் புள்ளி, அதாவது அபாஸ்ட்ரஃபி. பொகொ வெட்டுப்பட்டுப் பொ ஆனது, அழுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாறாக ‘எது’ என்னும் ‘குவல் எ’வில் அபாஸ்ட்ரஃபி வராது, குவல் தனியாகவே நிற்கும் வடிவம். பெரிய எழுத்து எ-வுக்கு இத்தாலியர்கள் கோட்டுக்குப் பதில் அபாஸ்ட்ரஃபி தட்டுவது விசைப்பலகையில் அதற்குத் தனி விசை இல்லாததால், சோம்பேறித்தனம்தான், விதி இல்லை.

ஒரே எழுத்துல அழுத்தம் மாறினா அர்த்தம் மாறுமா?

நன்றாக மாறும். வகுப்பில் எல்லோரும் காட்டும் உதாரணம்: கா-பி-த-னொ ‘நேர்கின்றன’, க-பி-தா-னொ ‘கேப்டன்’, க-பி-த-னொ ‘தலைமை தாங்கினான்’. மூன்றாவதற்கு மட்டும் கடைசியில் கோடு வரும். தினசரிப் பேச்சில் மாட்டுவது முதல் அசையில் அழுத்தும் அன்-கொ-ர (நங்கூரம்), நடுவில் அழுத்தும் அன்-கோ-ர (இன்னும்). நங்கூரத்தைப் பற்றிப் பேசும் வாய்ப்பு குறைவு, அதனால் இரண்டாவதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பேரெல்லாம் ஏன் இப்படிப் படுத்துது?

நா-பொ-லி, ஜே-னொ-வ, மோ-தெ-ன, பா-தொ-வ, ரீ-மி-னி, ப்ரின்-தி-ஸி, உ-வில் நீளும் ஊ-தி-னெ, பெர்-க-மொ. எல்லாம் கடைசியிலிருந்து மூன்றாவது. க்ரெ-மோ-ன மாதிரி ஊர்கள் சாதுவாகக் கடைசிக்கு முந்தினதில். விதி கிடையாது, ரயில் நிலைய அறிவிப்பைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

‘அ காஸ’ன்னு எழுதிட்டு ‘அக்காஸ’ன்னு சொல்றாங்களே?

இது நம் ஊர் சமாச்சாரம். அந்த + கடை ‘அந்தக் கடை’ ஆவது போல, சில சொற்களுக்குப் பின் அடுத்த மெய் இரட்டிக்கும். கடைசியில் அழுத்தம் உள்ள சொற்களும், அ, எ, த, கெ, த்ரெ, பியு போன்ற ஓரசைகளும் இப்படிச் செய்யும். நமக்கு வல்லினம் மட்டும் மிகும், இவர்களுக்கு ஏறக்குறைய எந்த மெய்யும் மிகும், ஆனால் எழுத மாட்டார்கள். சேர்த்தே எழுதும் பழைய கூட்டுகளில் மட்டும் எழுத்திலும் தங்கிவிட்டது: த + வேரொ தவ்-வே-ரொ (உண்மையாகவே), ஸோப்ர + துத்தொ ஸொ-ப்ரத்-துத்-தொ (முக்கியமாக). ரோமிலும் தெற்கிலும் நாள் முழுக்கக் கேட்கலாம், வடக்கே பெரும்பாலும் இல்லை. தோரினோவில் இருப்பவர் பழக வேண்டியதில்லை, பலெர்மோவில் இருப்பவர் கேட்டுப் புரிந்துகொள்ளவாவது வேண்டும்.

வரி முடிவுல வார்த்தைய உடைக்கும்போது அபாஸ்ட்ரஃபி வந்தா?

அபாஸ்ட்ரஃபிக்கு முன்னிருக்கும் மெய் அடுத்த உயிரோடு ஓர் அசை. ‘மரத்தின்’ என்பது தெல்-லல்-பெ-ரொ, லல் ஒரே துண்டு, நடுவில் உடைக்கக் கூடாது. முதல் அசை ஒற்றை உயிராக இருந்தால், அ-மீ-கொ மாதிரி, அசைக் கணக்கில் அது பிரியும், ஆனால் அந்த ஒரு எழுத்தை மட்டும் வரிக் கடைசியில் அநாதையாக விடுவது அழகில்லை என்று அச்சுக்காரர்கள் தவிர்ப்பார்கள்.

இத்தாலியர்களே ஆளுக்கொரு மாதிரி சொன்னா நான் யாரை நம்பறது?

சொல்வார்கள். தொலைபேசிப் பட்டியலுக்கான ரு-ப்ரீ-கவை ரூ-ப்ரி-க என்பார்கள், கட்டுமானத்துக்கான எ-தீ-லெயை ஏ-தி-லெ என்பார்கள், ஃப்ரி-ஊ-லி மாநிலத்தை ஃப்ரீ-உ-லி என்பார்கள், பரிசுக்குப் பேர் கொடுத்த நொ-பெல்லை நோ-பெல் ஆக்குவார்கள். அழுத்தத்தை முந்தைய அசைக்குத் தள்ளினால் படித்தவர் பேச்சாகத் தெரியும் என்றொரு நினைப்பு பலருக்கு உண்டு. எல்லாவற்றிலும் அகராதி முதலில் சொன்னதையே வைத்துக்கொள்ளுங்கள். அரசு ஒலிபரப்பு நிறுவனமான ராய் 1969-ல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, தட்டினால் அழுத்தக் குறியோடு வரும். நீலக்கல்லுக்கு மட்டும் த்ஸஃப்-ஃபீ-ரொ என்றாலும் முதல் அசையை அழுத்தி த்ஸஃப்-ஃபி-ரொ என்றாலும் யாரும் திருத்த மாட்டார்கள்.